கதவோரம் இடம் போட்டு வைத்தவருக்கு

அலுவலக நண்பர்களுக்கும், வீட்டில் இருப்பவர்களுக்கும், அன்று கூடவே ஓடி வந்த எல்லாருக்கும்,

இன்று மதியம் திங்கள் மீட்டிங்கில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒன்றேகால் மணி நேரம். நடுவில் எழுந்து போகவில்லை. இது ஏன் ஒரு செய்தி என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் "உட்கார்ந்ததுக்கு ஒரு கடிதமா?" என்று கேட்கலாம். கேளுங்கள், பரவாயில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவிய கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கு என்று தள்ளினால் வெட்கம் வந்துவிடும், அப்புறம் எழுத மாட்டேன்.

அன்று எனக்கு வந்தது 'பேனிக் அட்டாக்', அதாவது மாரடைப்பு மாதிரியே தோன்றும் திடீர்ப் பயத் தாக்குதல். நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. பார்த்தவர்கள் பார்த்தீர்கள், கேள்விப்பட்டவர்கள் கேள்விப்பட்டீர்கள்.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. என்னைத் தாங்கிப் பிடித்து வண்டியில் ஏற்றிய இரண்டு பேருக்கு. பேப்பர் பையோடு ஓடி வந்து "இதுக்குள்ள மூச்சு விடுங்க" என்றவருக்கு. (அன்புக்கு நன்றி. ஆனால் இனி யாருக்கும் அதைச் செய்யாதீர்கள். வந்திருப்பது மாரடைப்பாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்துவிட்டால், பைக்குள் ஆக்ஸிஜன் குறைந்து ஆளுக்கே ஆபத்தாகிவிடுமாம்.) அவசரப் பிரிவில் ஈசிஜி எடுத்து, மாரடைப்பா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்த்து, எதற்கும் தைராய்டும் பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்த சின்ன வயது டாக்டருக்கு. எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அவர் என்னைக் கையசைத்து அனுப்பிவிடவில்லை. "இதயத்துல ஒண்ணும் இல்ல. ஆனா உங்களுக்கு வந்தது நிஜம்தான்" என்றார். அந்த "ஆனா" மட்டும் இல்லையென்றால் இன்னும் நாலு ஆஸ்பத்திரி ஏறி இறங்கியிருப்பேன். விடுப்புக் கடிதத்தில் காரணம் கேட்காமல் கையெழுத்துப் போட்டவருக்கும் நன்றி. "எல்லாருக்கும்தான் டென்ஷன், நாங்கல்லாம் விழுந்துட்டோமா?" என்றவருக்கு நன்றி கிடையாது. கோபமும் இப்போது இல்லை. இரண்டு வருடம் முன்னால் நானே அப்படித்தான் கேட்டிருப்பேன். இரவு இரண்டு மணிக்கு விளக்கைக்கூடப் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு வீட்டிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

இனி எழுதுவதெல்லாம் ஒருவருக்கு. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். படித்தால் அவருக்குத் தெரியும்.

விடுப்பு முடிந்து வந்த முதல் திங்கட்கிழமை. அந்த அறை தெரியும்தானே? நீளமான மேசை, சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்குத்தான் இடம். கதவிலிருந்து ஜன்னல் வரை வரிசையாக ஆறு நாற்காலி. பழக்கப்படி நாலாவதில் உட்கார்ந்தேன். மாத முடிவுக் கணக்கைத் திரையில் போட்டார்கள். விரல் நுனி மரத்தது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊறுவது மாதிரி இருந்தது. பேசுகிறவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறார். இப்போது எழுந்து ஓடினால் எல்லாரும் பார்ப்பார்கள், ஓடாவிட்டால் இங்கேயே செத்துவிடுவேன். ஓடினேன், மூன்று பேர் முழங்காலை இடித்துக்கொண்டு. அடுத்த வாரமும் அதே நாற்காலி, அதே ஓட்டம்.

மூன்றாவது வாரம் ராஜினாமாக் கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டுத்தான் மீட்டிங்குக்குப் போனேன். கதவை ஒட்டிய நாற்காலியில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடந்தது. நீல அட்டை, ஒரு மூலை மடங்கியிருந்தது, மேலே மூடியைக் கடித்துக் கடித்து நசுக்கிய ஒரு பேனா. யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று உள்ளே போகப் பார்த்தேன். இரண்டாவது நாற்காலியில் இருந்த அவர் கையை நீட்டி நோட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உட்காருங்க" என்றுகூடச் சொல்லவில்லை.

தற்செயல் என்றுதான் நினைத்தேன். அடுத்த திங்களும் நோட்டு அங்கேயே இருந்தது. அதற்கடுத்த திங்களும். ஒருநாள் நான் வெளியே முகம் கழுவிக்கொண்டு நின்றேன். தணிக்கைக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர் அந்த நாற்காலியை இழுக்கிற சத்தமும், "அங்க ஆள் இருக்கு சார்" என்று இவர் சொல்வதும் கேட்டது. அந்த நேரத்தில் அந்த ஆள் கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று மூச்சை எண்ணிக்கொண்டிருந்தான். பதினோரு வாரம் இப்படி இடம் போட்டு வைத்தார். இத்தனைக்கும் எனக்கும் அவருக்கும் பெரிய பழக்கம் கிடையாது. ஒரு செலவுச் சீட்டு விஷயமாக ஒருமுறை சண்டைகூடப் போட்டிருக்கிறோம். தப்பு என் மேல்தான்.

கதவு பக்கத்தில் இருந்தால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது, அதுதான் அதன் விசேஷம். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று தெரிந்ததும் போக வேண்டிய அவசரம் பாதியாகக் குறைந்துவிட்டது. அந்தப் பதினோரு வாரத்தில் நான் வெளியே போனது இரண்டே முறை, அதுவும் நடந்து போனேன். ராஜினாமாக் கடிதம் கணினியில் அப்படியே கிடக்கிறது.

இதையெல்லாம் என் ஆலோசகரிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மா கேட்டுவிட்டு, "நல்ல மனுஷர். சரி, அந்த நாற்காலிய எப்ப விடப் போறீங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதலை யாரோ பிடுங்குவது மாதிரி.

அப்புறம் ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். 1986-இல் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் எழுதிய விஷயமாம். இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. அதை நான் மாரடைப்பு என்று படிக்கிறேன். பயம் வருகிறது. பயத்தில் இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது. பார்த்தாயா, சொன்னேனே என்று இன்னும் பயப்படுகிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் விஷயத்தில் இருட்டு என் நெஞ்சுக்குள்ளேயே இருந்தது. வேகவேகமாக மூச்சு விட விட, ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுமாம். விரல் மரத்ததும் தலை சுற்றியதும் அதனால்தான். போதாத குறைக்கு நான் மூச்சு போதவில்லை என்று நினைத்து இன்னும் இழுத்து இழுத்து விட்டிருக்கிறேன். எவ்வளவு பெரிய அலையாக இருந்தாலும் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டு இறங்க ஆரம்பித்துவிடும் என்றார். அந்தப் பத்து நிமிடத்தை நான் ஒருமுறைகூட முழுசாக உட்கார்ந்து பார்த்ததில்லை. ஓடிவிடுவேன். ஓடியதால்தான் பிழைத்தேன் என்று மனசு எழுதிக்கொள்ளும்.

நாற்காலியும் அந்தக் கணக்கில்தான் சேரும் என்றார். சட்டைப் பையில் நான்கு மாதமாக வைத்திருந்த, ஒருநாளும் விழுங்காத அவசர மாத்திரை, எங்கே போனாலும் கையிலிருக்கும் தண்ணீர் பாட்டில், கதவோர இடம். எல்லாம் தாயத்துகள். ஆரம்பத்தில் வேலைக்குத் திரும்ப உதவும், வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கழற்றுவதற்கு முன்னால் அவர் அறையிலேயே பயிற்சி. சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்ற வைத்தார். மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொன்னார். படி ஏறி ஓட விட்டார். வேண்டுமென்றே அந்தப் படபடப்பை வரவழைத்து, அது தானாகப் போவதைப் பார்ப்பதுதான் வைத்தியம். நாற்பது தாண்டிய ஆள் சுழல் நாற்காலியில் சுற்றுவதைப் பார்த்து அவர் சிரிக்காமல் இருந்தது தனித் திறமை.

கூடவே மாத்திரையும் உண்டு, மறைக்கவில்லை. வேலை செய்யச் சில வாரம் பிடித்தது. முதல் பத்து நாள் படபடப்பு கூடின மாதிரிகூட இருந்தது. நிறுத்தவில்லை. நன்றாக இருக்கிறது என்று நாமாக நிறுத்தவும் கூடாது என்று மனநல மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். "போருக்கா போனேன், கணக்குதானே பார்க்கிறேன், எனக்கு ஏன் இது?" என்று அவரிடம் ஒருநாள் அழுதேன். டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர் 1871-இல், உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களுக்கு வந்த படபடப்பு, மூச்சுத் திணறல் பற்றி எழுதியதைச் சொன்னார். அதற்குச் 'சிப்பாய் இதயம்' என்றே ஒரு பெயர் இருந்ததாம். உடம்புக்குப் புலி துரத்துவதும் மாதக் கடைசி துரத்துவதும் ஒன்றுதான் என்றார். அது எவ்வளவு தூரம் சரியோ, அன்றைக்கு அழுகை நின்றது.

நாற்காலிக்கு வருகிறேன். அதை விடுவது என்றால் முதலில் அவரிடம் பேச வேண்டும். பதினோரு வாரமாக இரண்டு பேரும் வாய் திறக்காத விஷயம். லிஃப்டுக்காகக் காத்திருக்கும்போது, "அடுத்த வாரத்திலேருந்து ஒவ்வொரு நாற்காலியா உள்ளே போகணும்னு சொல்லியிருக்காங்க" என்று பாதி முழுங்கிச் சொன்னேன். அவர் "சரி" என்றார். லிஃப்ட் வந்துவிட்டது.

அடுத்த திங்கள் நீல நோட்டு இரண்டாவது நாற்காலியில் இருந்தது. அவர் கதவோரத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த வாரம் மூன்றாவதில். பிறகு அந்த மோசமான மாத முடிவு வந்தது, உங்களுக்கே தெரியும். அன்று காலை என் முகத்தைப் பார்த்தார். எழுந்து போய் நோட்டை எடுத்து மறுபடி முதல் நாற்காலியில் போட்டார். நான் எதுவும் கேட்கவில்லை. எனக்குத் தோற்றுப்போன மாதிரி இருந்தது, அவர் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. நோட்டை மாற்றிப் போட்டார், அவ்வளவுதான். அடுத்த வாரம் இரண்டு. அப்புறம் மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தாவதில் ஒருமுறை அலை வந்தது. மேசைக்கு அடியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எட்டாவது நிமிடம் இறங்க ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவர் என்னிடம் ரப்பர் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

இன்று ஆறு. நோட்டு எந்த நாற்காலியிலும் இல்லை, அவர் மடியில் இருந்தது. நானே நடந்து போய் உட்கார்ந்தேன்.

மீட்டிங் முடிந்ததும் கேட்டேவிட்டேன். இத்தனை நாள் ஏன் இடம் போட்டு வைத்தீர்கள்? உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா? உங்களுக்கே வந்திருக்கிறதா? நெஞ்சு நிறைய ஒரு பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டேன், ஒத்துக்கொள்கிறேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு வாரம் தொடர்ந்து என் கால மிதிச்சுட்டு ஓடுனீங்க சார். கட்டை விரல் நகம் கறுத்துப் போச்சு" என்றார்.

சிரித்த சிரிப்பில் வயிறு வலித்துவிட்டது. அந்த வலிக்குப் பயப்படவில்லை என்பது லிஃப்டில் இறங்கும்போதுதான் உறைத்தது.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், இது நன்றியில் சேராது. மாத முடிவு என்றால் இரவு பதினொரு மணிக்கு "அவசரம், உடனே பார்க்கவும்" என்று உங்களுக்கெல்லாம் மெயில் போடுகிறவன் நான்தான். அதைத் திறக்கும்போது உங்களில் எத்தனை பேருக்கு விரல் மரத்ததோ தெரியாது. இனி மாலை ஏழுக்கு மேல் என்னிடமிருந்து எதுவும் வராது. வந்தால் பதில் போடாதீர்கள், மறுநாள் என் மேசைக்கு வந்து திட்டுங்கள்.

நோட்டுக்காரருக்கு: வரும் திங்கள் எனக்கு இடம் போட வேண்டாம். எது கிடைக்கிறதோ அதில் உட்கார்ந்துகொள்கிறேன். நான் உள்ளே போகும்போது காலை மட்டும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.