மது வாங்கும் வயதை 21 ஆக உயர்த்துங்கள்: புதுச்சேரி சட்டப்பேரவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கன்னியக்கோயிலில் இருந்து முள்ளோடை வரையிலான கடலூர் சாலையில், ஒரு சனிக்கிழமை மாலை சற்று நேரம் நின்று பாருங்கள். மதுக்கடைகளின் முன் வரிசையாக நிற்கும் பைக்குகளில் பல டிஎன் 31 என்று தொடங்கும் கடலூர் மாவட்டப் பதிவெண் கொண்டவை. அவற்றில் வந்திறங்கும் பிள்ளைகளில் சிலருக்கு மீசைகூட இன்னும் சரியாக அரும்பியிருக்காது. தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, பிளாஸ்டிக் டம்ளரில் கலந்து, நின்றபடியே குடித்துவிட்டு, ஒரே வண்டியில் மூன்று பேராக ஏறி வந்த வழியே திரும்புகிறார்கள். நான் முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவன். பிளஸ் டூ முடித்து ஆறு மாதம்கூட ஆகாத என் மாணவன் ஒருவனை அந்தக் கூட்டத்தில் பார்த்தேன். என்னைக் கண்டதும் டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். ஆசிரியரிடம் மறைக்கத் தோன்றிய அந்தப் பிள்ளைக்குச் சட்டத்திடம் மறைக்க எதுவுமில்லை என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

புதுச்சேரியையும் காரைக்காலையும் சூழ்ந்த தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. ஏனாமைச் சூழ்ந்த ஆந்திரத்திலும் அதே வரம்புதான். மாஹேயைச் சூழ்ந்த கேரளமோ 21 போதாதென்று 2017-இல் அதை 23 ஆக உயர்த்த முடிவெடுத்தது. நம் யூனியன் பிரதேசத்தின் நான்கு பகுதிகளிலும் மட்டும் 18 வயதே போதும் என்றிருப்பதால், பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைகள் தம் ஊரில் கிடைக்காததைத் தேடி நம் எல்லைக்கு வண்டியில் வருகிறார்கள், போதையோடு வண்டியிலேயே திரும்புகிறார்கள்.

அமெரிக்காவும் இந்தச் சிக்கலைச் சந்தித்த நாடுதான். 1971-இல் வாக்களிக்கும் வயது 18 ஆனதை ஒட்டிப் பல மாநிலங்கள் மது அருந்தும் வயதையும் குறைத்தன. வயது வரம்பு குறைந்த மாநிலத்துக்கு எல்லை தாண்டிச் சென்று, குடித்துவிட்டுக் காரோட்டித் திரும்பிய இளைஞர்கள் சாலைகளில் மடிந்தார்கள். குடிபோதை ஓட்டுநரால் மகளை இழந்த கேண்டி லைட்னர் 1980-இல் தொடங்கிய தாய்மார் இயக்கம் நாடெங்கும் பரவியது. தொடக்கத்தில் மாநில உரிமையைக் காட்டித் தயங்கிய அதிபர் ரீகனே 1984 ஜூலையில், வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியைக் குறைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1988-க்குள் எல்லா மாநிலங்களும் 21-க்கு வந்து சேர்ந்தன. அங்கே ஒன்றிய அரசு நெருக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த நெருக்கடி எதுவும் தேவையில்லை. மது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் என்பதும், 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டம் அதில் சட்டமியற்றும் அதிகாரத்தை உங்கள் பேரவைக்கு வழங்கியிருக்கிறது என்பதும் நீங்கள் அறிந்ததே.

வாக்களிக்கத் தகுதி பெற்றவனுக்குக் குடிக்க மட்டும் தகுதியில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. ஆணின் திருமண வயதை 21 என வைத்திருக்கும் நாட்டில், எல்லா உரிமைக்கும் ஒரே வயது என்ற வழக்கம் என்றுமே இருந்ததில்லை. மனித மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதும், இளம் வயதில் தொடங்கும் குடி எளிதில் அடிமையாக்கும் என்பதும் மருத்துவம் அறிந்த செய்திகள். கலால் வருவாய் குறையும் என்ற அச்சத்தை நான் எளிதாக ஒதுக்கவில்லை, ஏனெனில் அரசின் பல செலவுகள் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. ஆயினும் 18 முதல் 20 வயது வரையிலான பிள்ளைகளின் சட்டைப்பையில் இருந்து வரும் பங்கை நம்பித்தான் ஓர் அரசு நடக்க வேண்டுமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தொடரிலேயே கலால் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவாருங்கள். கடையிலும், உணவகத்தோடு சேர்ந்த மதுக்கூடமான ரெஸ்டோ பாரிலும் வயதுச் சான்றைப் பார்த்த பிறகே விற்க வேண்டும் என்றும், மீறினால் உரிமம் ரத்தாகும் என்றும் அதில் எழுதுங்கள். மாஹேக்குக் கேரளத்தைப் போல் 23 வேண்டுமா என்பதைத் தனியே விவாதிக்கலாம், அதற்காக 21-ஐத் தள்ளிப்போட வேண்டாம். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடின்றி, தேர்ந்தெடுக்கப்பட்ட 30 உறுப்பினர்களும் இதை ஆதரிக்கிறீர்களா இல்லையா என்பதை உங்கள் தொகுதி மக்களுக்கு எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாகூர் பகுதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்