லெப்டினைக் கூட்டுவீர்களா, குறைப்பீர்களா? சோயா புரதப் பொடி தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சோயா புரதப் பொடி தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

எடையைக் குறைக்க நினைப்பவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. வருகிறவர்களில் பலர் கையோடு ஒரு டப்பாவையும் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறார்கள். முன்பக்கத்தில் ஒட்டிய இடுப்பும் அதைச் சுற்றி அளவு நாடாவும். கீழே தடித்த எழுத்தில், கொழுப்பு ஹார்மோன்களைச் சீராக்கும் என்று ஒரு வரி. சில டப்பாக்களில், போதும் என்று மூளைக்குச் சேதி சொல்லிப் பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டினின் பெயரே வந்துவிடுகிறது. திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் புரதம், மாவுச்சத்து, கொழுப்பு, சோடியம் என்று ஓர் அட்டவணை. முன்பக்கம் சொன்னதற்கும் பின்பக்கம் அச்சிட்டதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சீராக்கும் என்றால் என்ன? லெப்டினைக் கூட்டுவீர்களா, குறைப்பீர்களா?

கேலிக்காகக் கேட்கவில்லை. 1994-இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு லெப்டினுக்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தது. அந்த மரபணு பழுதான எலிகள் பசி அடங்காமல் தின்று தின்று பருத்தவை. மறு ஆண்டே அவற்றுக்கு லெப்டின் ஊசி போட்டுப் பார்த்தார்கள். தீனி குறைந்தது, எடை மளமளவென இறங்கியது. உடல் பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று பலரும் நம்பினார்கள். மனிதர்களைச் சோதித்தபோதுதான் கதை வேறு என்று தெரிந்தது. லெப்டினைச் சுரப்பதே கொழுப்புத் திசுதான். கொழுப்பு சேரச் சேர அதுவும் கூடும். பருமனானவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவாக இல்லை, மிகுதியாகவே இருக்கிறது. மூளைதான் அதைச் சட்டை செய்வதில்லை. அழைப்பு மணி விடாமல் அடித்தும் உள்ளே யாரும் எழுந்து வராத வீடு மாதிரி. அங்கே போய் மணியை இன்னும் பலமாக அடிப்பதா உங்கள் திட்டம்?

சரி, குறைப்போம் என்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். எடை குறைந்தால் லெப்டின் தானாகவே இறங்கும். இறங்கியதும் பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை எண்ணிக்கொண்டு பசியைக் கிளப்பும், உடல் செலவழிக்கும் ஆற்றலைச் சிக்கனப்படுத்தும். பாடுபட்டு இளைத்தவர்கள் மறுபடி பருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே லெப்டின் இறங்கிவிட்டது என்ற சேதியைக் கேட்டதும் கைதட்ட முடியாது.

அடிப்போனெக்டின் என்ற இன்னொரு ஹார்மோனின் போக்கு இதற்கு நேர்மாறு. அதுவும் கொழுப்புத் திசுவில் சுரப்பதுதான், ஆனால் கொழுப்பு கூடினால் இது குறையும். இன்சுலின் ஒழுங்காக வேலை செய்ய உதவுவது என்பதால் இது கூடினால் நல்லது என்று சொல்லலாம். சோயா இதைக் கூட்டுமா? மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் சிலவற்றில் கொஞ்சம் கூடியிருக்கிறது, சிலவற்றில் அசையவே இல்லை. ஒன்றில் முழுச் சோயா, இன்னொன்றில் சோயாச் சத்து மாத்திரை. கலந்துகொண்டவர்களும் கால அளவும் ஆய்வுக்கு ஆய்வு வேறு. டப்பாவின் முகப்பில் அச்சடிக்கும் அளவுக்கு உறுதியான சங்கதி அதில் இல்லை.

உங்கள் விளம்பரங்கள் அள்ளிக்கொண்டு வரும் நம்பிக்கையில் பெரும்பங்கு எலி ஆய்வுகளிலிருந்து வருவது. சோயாவில் இயற்கையாகவே உள்ள, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைக் கொஞ்சம் ஒத்த பொருள்கள் ஐசோஃபிளேவோன்கள். அவற்றில் முக்கியமானவை ஜெனிஸ்டீனும் டெய்ட்சீனும். டெய்ட்சீனைக் குடல் பாக்டீரியாக்கள் ஈக்வால் என்ற பொருளாக மாற்றுகின்றன. எலிகளில் ஏறக்குறைய எல்லாமே இதைச் செய்யும். மனிதர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கோ பாதிப் பேருக்கோதான் அந்தப் பாக்டீரியாக்கள் உண்டு. ஒரே பொடியை ஒரே அளவில் குடிக்கும் இரண்டு பேரின் ரத்தத்தில் ஒரே பொருள் ஓடுவதில்லை. அப்புறம் எலிக்கு நடந்ததைக் காட்டி எல்லாருக்கும் எப்படி வாக்குக் கொடுக்கிறீர்கள்?

ஹார்மோனைத் தொடுவதாக நீங்கள் பெருமைப்படும் அந்த ஐசோஃபிளேவோன் எத்தனை மில்லிகிராம் என்று அட்டவணையில் ஒரு வரி கூட இல்லாததுதான் எனக்கு ஆற்றாமை. எண்ணெய் நீக்கிய சோயா மாவிலிருந்து புரதத்தைப் பிரிக்கும்போது ஆல்கஹால் கலந்த நீரில் கழுவினால் ஐசோஃபிளேவோன்களில் பெரும்பகுதி அதோடு போய்விடும். வெறும் நீரில் கழுவினால் கணிசமாகத் தங்கும். இதை எனக்குச் சொல்லித்தரத் தக்கவர்கள் நீங்கள்தான். இரண்டு டப்பாவிலும் ஒரு ஸ்கூப்புக்கு 25 கிராம் புரதம் என்றே இருக்கலாம், உள்ளே இருப்பது வேறு வேறு சரக்கு.

சோயா குடித்தால் ஆண்களுக்கு மார்பு வளரும் என்று பயமுறுத்துகிறவர்கள் பக்கம் நான் இல்லை. 2008-இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பில் 60 வயதுக்காரர் ஒருவருக்கு அப்படி ஆனது உண்மை. அவர் தினம் கிட்டத்தட்ட மூன்று லிட்டர் சோயா பால் குடித்தவர், நிறுத்தியதும் சரியானவர். 2010-லும் 2021-லும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சோயாவால் ஆண்களின் பாலின ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவு மாறவில்லை என்றே முடிவு வந்தது. அந்த வதந்திக்காரர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

நீங்கள் பொய் கலக்காமல் சொல்லக்கூடியதும் இருக்கிறது. சோயா நல்ல புரதம், தேவையான அமினோ அமிலங்கள் எல்லாம் உள்ளது. புரதம் சாப்பிட்டால் ஜிஎல்பி-1 போன்ற குடல் ஹார்மோன்கள் கூடி வயிறு நிறைந்த உணர்வு வரும். ஆனால் முட்டையிலும் பாலிலும் பயறு வகைகளிலும் இருக்கும் புரதமும் அதைச் செய்யும் என்பதால் அந்த வரி உங்களுக்கு ருசிக்கவில்லை போலும்.

இன்னொன்று, இது அவசரம். பல டப்பாக்களில், காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்கூப் என்று போட்டிருக்கிறீர்கள். என்னிடம் எடைக்காக வருகிறவர்களில் தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறைய. தைராக்ஸின் மாத்திரையும் காலை வெறும் வயிற்றில் போடுவதுதான். சோயா அந்த மருந்தைக் குடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே போனால் மருந்து போதாமல் போய், சோர்வும் எடையும் ஏறும். அவர்களோ எடை இறங்கவில்லையே என்று ஒரு ஸ்கூப்புக்கு இரண்டாகக் குடிப்பார்கள்.

அடுத்த முறை லேபிள் அச்சடிக்கும்போது ஹார்மோன் வரியை எடுத்துவிடுங்கள். ஒரு ஸ்கூப்பில் ஐசோஃபிளேவோன் எத்தனை மில்லிகிராம் என்று போடுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளும்படி, அந்த வெறும் வயிற்று வரிக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் சேருங்கள்.

இப்படிக்கு,
ஓர் உணவு ஆலோசகர்