எத்தனை தடவை சொல்வது?

பல்கலைக்கழகப் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நான் விடுதியில் தங்கிப் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி. எந்தப் பல்கலைக்கழகம் என்று இங்கே எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

போன செமஸ்டரில் ஒரு ராத்திரி, மணி ஒன்று இருக்கும். குளித்துக்கொண்டிருந்த பக்கத்து அறைத் தோழி, தடுப்புக்கு மேலே ஒரு கைப்பேசி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கத்தினாள். யாரோ ஓடும் சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்டது. வளாகப் பாதுகாப்பு எண்ணுக்கு நான்தான் அழைத்தேன். பத்து நிமிடத்துக்குள் செக்யூரிட்டி அங்கிள் மூச்சிரைக்கப் படியேறி வந்துவிட்டார். குளியலறை வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "நான் இங்கதான் நிக்கிறேன், மெதுவா வாங்கம்மா" என்றார். மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வருகிறவர். ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை வேலை. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் அதற்குப் பிறகுதான். நடந்ததைத் தோழி அங்கிளிடம் சொன்னாள். அவருடைய மேற்பார்வையாளர் வந்தார், முதலிலிருந்து சொன்னாள். பிறகு விடுதிப் பொறுப்பாளரிடம். விடிந்ததும் மாணவர் விவகார அலுவலகத்தில். கடைசியாகப் போலீஸ் அதிகாரியிடம். "தடுப்புக்கு மேலே" என்னும்போதெல்லாம் கையை உயர்த்திக் காட்டுவாள். ஐந்தாவது தடவை கை மடியிலேயே கிடந்தது.

அமெரிக்காவில் உள்ளதுபோல வளாகப் போலீஸ் நமக்கு இல்லை. உங்கள் காவலர்களுக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. விசாரணை, 999 என்ற அவசர எண்ணுக்கு அழைத்தால் வருகிற போலீசின் வேலை. அப்படியிருக்க, உங்கள் பக்கத்திலேயே நான்கு பேர் எதற்கு முழுக்கதையையும் கேட்க வேண்டும்?

2019 ஏப்ரலில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக மாணவி ஒருவர், விடுதியில் குளிக்கும்போது தன்னை ஒருவன் படமெடுத்ததை வெளியே சொன்னார். நாடே பேசியது. பல்கலைக்கழகம் அவனுக்குத் தந்த தண்டனை போதாது என்று அப்போதைய கல்வி அமைச்சரே சொன்னார். அதே ஆண்டில் அந்தப் பல்கலைக்கழகம் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தனிப் பராமரிப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. 2020 ஜனவரி 1 முதல் இப்படிப் பார்ப்பதும் படமெடுப்பதும் தனிக் குற்றம். 2 ஆண்டு வரை சிறை, அபராதம், பிரம்படிகூட உண்டு. சட்டம் அவ்வளவு தூரம் வந்துவிட்டது. நம் அலுவலக நடைமுறைதான் இன்னும் நகரவில்லை.

கூடுதல் கேமரா பொருத்துவதாகச் சுற்றறிக்கை அனுப்பினீர்கள். பொருத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் கேட்பது வேறு. அழைப்பு வந்ததுமே பயிற்சி பெற்ற ஒருவர், முடிந்தால் ஒரு பெண், பாதிக்கப்பட்டவளோடு இருக்கட்டும். அவள் சொல்வதை அவர் ஒரே தடவை எழுதிக்கொண்டு, உங்கள் மற்ற அலுவலகங்களுக்கு அவரே சொல்லட்டும். போலீசிடம் அவள் பேசும்போது பக்கத்தில் உட்காரட்டும். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது அவளுக்குச் சொல்லட்டும். இதுவரை ஒரு வரிகூட வரவில்லை. அங்கிள்கூடப் போன வாரம் என்னிடம், "அந்தப் பையன் கெடச்சானாம்மா?" என்று கேட்டார். அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

இப்போதும் அவள் குளிக்கப் போனால் நான்தான் வாசலில் நிற்கிறேன், பாடப் புத்தகத்தோடு. ஏப்ரல் கடைசியில் பரீட்சை. அதற்குள் பதில் எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
விடுதி மாணவி ஒருத்தி