அந்தக் கேப்சூல் டப்பாவைப் பற்றி, பாப்பா

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி, டப்பாவின் பின்பக்கத்துப் பொடி எழுத்து வரை படித்துவிட்டேன். 30 கேப்சூல், 16 வகை நல்ல பாக்டீரியா, 50 பில்லியன், அதாவது 5,000 கோடி, கூடவே கொஞ்சம் இனுலின் என்ற நார்ச்சத்து, கீழே மூலையில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஒரு வரி. மலச்சிக்கலுக்கு இந்தப் புரோபயாடிக்கை வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இப்போது வேண்டாம். ஏன் என்று ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். செங்கோட்டையில் மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிற எனக்கு இந்தக் கேள்வி தினமும் வருகிறது, வருகிறவர்களுக்கு அரை நிமிஷத்தில் பதில் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது, உனக்காவது முழுசாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. தினமும் காலையில் போயே ஆக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை முதல் வாரத்துக்கு மூன்று தடவை வரை, சிரமம் இல்லாமல் போகிறது என்றால் அது சரியான வயிறுதான். எத்தனை தடவை என்பதைவிட எப்படிப் போகிறது என்பதுதான் முக்கியம். பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று 1997-இல் வந்தது, மலத்தை 7 வகையாகப் படம் போட்டுக் காட்டும். 3, 4 நல்லது. நீ சொன்ன ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாக வருவது 1. வாரத்துக்கு இரண்டு தடவை, அதுவும் முக்கி முக்கி என்றால் உனக்கு மலச்சிக்கல் இருக்கிறது, சந்தேகமில்லை. இதைச் சொல்ல நீ இத்தனை நாள் கூச்சப்பட்டதுதான் எனக்கு வருத்தம். காய்ச்சல் என்றால் உடனே சொல்கிறோம், இதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

சரி, புரோபயாடிக். கடைக்கு வருகிற பலரும் அதை ஒரே மருந்தென்று நினைத்துக் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு அமைப்பும் 2001-இல் கூட்டிய நிபுணர் குழு இதற்கு ஒரு வரையறை கொடுத்தது: உயிரோடு இருக்க வேண்டும், போதுமான அளவு உள்ளே போக வேண்டும், போனால் உடம்புக்கு நன்மை தர வேண்டும். இந்த மூன்றாவதில்தான் விஷயமே இருக்கிறது, எந்தக் கிருமி எந்தத் தொந்தரவுக்கு என்று தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும். பேதிக்குக் கேட்பது வேறு, ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வயிறு கெடாமல் இருக்கக் கேட்பது வேறு, மலச்சிக்கலுக்குக் கேட்பது வேறு.

குற்றாலத்தில் சீசனுக்கு வாங்கித் தின்போமே மங்குஸ்தான், அதோடு தொடர்புள்ள ஒரு கதை உண்டு. 1920-களின் தொடக்கத்தில் ஹென்றி பூலார் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவில் இருந்தபோது அங்கே காலரா. மங்குஸ்தான் தோலையும் லிச்சித் தோலையும் காய்ச்சிக் குடித்தவர்களுக்குப் பேதி கட்டுப்படுவதைப் பார்த்து, அந்தப் பழங்களிலிருந்து ஒரு ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். அதுதான் சாக்கரோமைசஸ் பூலார்டி. நம் கடையில் எக்கோநார்ம் என்று பொட்டலமாக விற்கிறதே, அதில் இருப்பது அதே ஈஸ்ட். பாக்டீரியாவைக் கொல்கிற ஆன்டிபயாடிக் ஈஸ்ட்டைக் கொல்லாது, அதனால் இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுக்க முடிகிறது. குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக்கால் வரும் பேதியைத் தடுக்க இந்த ஈஸ்ட்டும், லாக்டோபாசிலஸ் ராம்னோசஸ் என்ற பாக்டீரியாவும் உதவுகின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இன்னொன்று என்டெரோஜெர்மினா, சின்னக் குப்பியில் 5 மில்லி, 200 கோடி ஸ்போர். ஸ்போர் என்பது கிருமி தூங்குகிற நிலை, வயிற்று அமிலத்துக்கும் வெயிலுக்கும் அசையாது, ஃப்ரிட்ஜ் வேண்டாம். இதெல்லாம் நல்ல சரக்குதான், நானே எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் இவை எதற்காக வந்தவை என்று பார், பேதிக்கு. உன் தொந்தரவு அதற்கு நேர் எதிர்.

மலச்சிக்கலுக்கு என்ன இருக்கிறது என்றால், கொஞ்சம் இருக்கிறது. 2014-இல் லண்டன் கிங்ஸ் காலேஜ்காரர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். புரோபயாடிக் எடுத்தவர்கள் சராசரியாக வாரத்துக்கு 1.3 தடவை கூடுதலாகப் போனார்கள், குடலைக் கடக்கிற நேரம் 12 மணி நேரம் போலக் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்தது பிஃபிடோபாக்டீரியம் லாக்டிஸ் என்ற வகையில், யாகுல்ட் என்ற புளித்த பால் பானத்தில் இருக்கிற லாக்டோபாசிலஸ் கேசி ஷிரோட்டாவில் தெரியவில்லை. யாகுல்ட்டில் 65 மில்லிக்கு 650 கோடி கிருமி இருக்கிறது, எண்ணிக்கையில் குறை ஒன்றும் இல்லை. எண்ணிக்கை பெரிசாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்காகச் சொல்கிறேன். அமெரிக்கக் குடல் மருத்துவர்கள் சங்கம் 2020-இல் வழிகாட்டி போட்டபோது, பெரும்பாலான வயிற்றுத் தொந்தரவுகளுக்குப் புரோபயாடிக்கைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே எழுதியது. உன் டப்பாவில் 16 வகையும் ஒரே கூட்டாகக் கிடக்கிறது, அந்தக் கூட்டை மலச்சிக்கல் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததாக அதில் ஒரு வரி இல்லை. அந்த 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்பதும் சும்மா போட்டதல்ல, சத்துப் பொருளாக விற்கிறவர்கள் சட்டப்படி போட்டே ஆக வேண்டும், மருந்துக்குக் கேட்கிற நிரூபணம் அதற்குக் கேட்கப்படுவதில்லை என்று நீ புரிந்துகொள்ள வேண்டும். போதாததற்கு இனுலின் வேறு. ஏற்கனவே வயிறு உப்பலாக இருக்கிறது என்கிறாய், அது காற்றை இன்னும் கூட்டும்.

நம் சாப்பாட்டில் இல்லாததா என்று அப்பா கேட்கிறார். இருக்கிறது, ஆனால் எல்லாரும் சொல்கிற இடத்தில் இல்லை. இட்லி மாவைப் புளிக்க வைப்பது பாக்டீரியாதான், ஆனால் ஆவியில் வேகும்போது அது செத்துவிடுகிறது. இட்லி சுலபமாகச் செரிக்கும், நல்ல உணவு, உயிருள்ள கிருமி மட்டும் அதில் இல்லை. மோர்க்குழம்பும் அப்படித்தான், கொதித்துவிட்டால் போச்சு. உயிரோடு உள்ளே போவது தயிர், மோர், நீராகாரம், பழைய சோறு. பழைய சோற்றை வைத்துச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. வீட்டுக்கு வீடு உறைமோர் மாறுவதால் எந்தக் கிருமி, எவ்வளவு என்று கணக்குச் சொல்ல முடியாது, அதனால் அதை மருந்தென்று நான் சொல்ல மாட்டேன், சாப்பாடாகத் தினமும் சாப்பிடு. பெங்களூரில் கடைத் தயிரையே உறையாக ஊற்றி வீட்டில் உறைய வைக்கலாம், முந்நூறு ரூபாய் பாட்டில் எதுவும் தேவையில்லை.

இப்போது உன் விஷயம். நீ ஃபோனில் போகிறபோக்கில் சொன்ன ஒன்றைக் கேட்டதுமே எனக்குப் பொறி தட்டியது. ஹீமோகுளோபின் குறைவென்று இரும்பு மாத்திரை ஆரம்பித்தாய், கூடவே கால்சியம். மலச்சிக்கல் எப்போது ஆரம்பித்தது என்று யோசித்துப் பார், அதற்கு அப்புறம்தானே? இரும்பு மாத்திரை பலருக்கும் வயிற்றைக் கட்டும், கால்சியமும் சிலருக்குக் கட்டும். கருப்பாகப் போகிறது என்று பயந்தாயே, அதுவும் இரும்பால்தான். (பிசுபிசுவென்று, தாங்க முடியாத வாடையோடு போனால் அது வேறு, அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.) மாத்திரையை நீயாக நிறுத்தாதே, உனக்கு ரத்தம் வேண்டும். உன் டாக்டரிடம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்று கேள், அப்படி எடுத்தால் உடம்பு இரும்பை நன்றாகவே உறிஞ்சுகிறது என்று ஆய்வுகள் இருக்கின்றன, வயிற்றுக்கும் தொந்தரவு குறையலாம். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காதே, டீயோடும் வேண்டாம். தைராய்டுக்கு டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனை பார்த்து நாளாகிவிட்டது, அதையும் இந்த வாரமே பார்த்துவிடு, தைராய்டு குறைந்தாலும் குடல் மெதுவாகிவிடும், நம் வீட்டில் உன் அத்தைக்கு இருக்கிறது.

அப்புறம் சாப்பாடு. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். ஒரு கப் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூடத் தேறாது. மைதா பரோட்டாவும் அப்படித்தான், ஊருக்கு வந்தால் பிரானூர் பார்டரில் சாப்பிடு, யார் வேண்டாம் என்றது, ஆனால் அங்கே ஆபீஸ் கேன்டீனில் வாரத்துக்கு நாலு நாள் அதுதான் இரவுச் சாப்பாடு என்றால் வயிறு என்ன செய்யும்? ஒரு கப் கொண்டைக்கடலையில் 12 கிராம் போல இருக்கிறது, ஒரு கொய்யாவில் 5 கிராம். உன் ஆச்சி பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது, 1956-இல்தான் இந்தப் பக்கம் சேர்ந்தது, அதனால் நம் வீட்டுச் சமையலில் மலைக்கு அந்தப் பக்கத்துப் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது உனக்கு இப்போது உபயோகமாகும். காலையில் புட்டும் கடலைக்கறியும், ராத்திரியில் மட்டை அரிசிக் கஞ்சியும் சிறுபயறும், தொட்டுக்கொள்ள வாழைத்தண்டோ பயறுத் தோரனோ. இதைச் செய்ய அரை மணி நேரம் போதும், குக்கர் இருக்கிறது. நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டாதே, வயிறு உப்பிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல ஏற்று, தண்ணீரையும் சேர்த்து ஏற்று.

அதோடு இசப்கோல். குஜராத், ராஜஸ்தானில் விளைகிற ஒரு விதையின் உமி, அவ்வளவுதான். ஒரு ஸ்பூனில் ஆரம்பி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்த உடனே குடித்துவிடு, ஊற வைத்துக் கெட்டியாக்கி விழுங்காதே, தண்ணீர் குறைவாக எடுத்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடு. பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். 'மூலிகைப் பொடி' என்று ஒரே ராத்திரியில் வேலை செய்கிற எதையும் அங்கே வாங்காதே, பாதிக்கு மேல் நிலவாகை இருக்கும், என்றைக்காவது ஒரு நாள் சரி, தினமும் கூடாது.

காலையில் சாப்பிட்டு முடித்ததும் பெருங்குடல் தானாக அசையும், அந்த நேரத்தை நீ லாக்இன் பண்ணுவதில் விட்டுவிடுகிறாய். பத்து நிமிஷம் முன்னால் எழுந்தால் போதும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொள், முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தால் ஆசனவாய்க்கு மேலே இருக்கிற தசை தளர்ந்து வழி நேராகும். ஃபோனை வெளியே வைத்துவிட்டுப் போ.

இதெல்லாம் செய்து ஒரு மாதம் கழித்தும் சரியாகவில்லை என்றால், அப்போது புரோபயாடிக் பார்க்கலாம், நானே சொல்கிறேன். ஒரே வகை இருப்பதாக, பெயருக்குப் பின்னால் எச்என்019, பிபி-12 என்கிற மாதிரி அடையாளக் குறியும் போட்டிருப்பதாக வாங்கு. எண்ணிக்கை தயாரித்த அன்றைக்கா அல்லது காலாவதித் தேதி வரைக்குமா என்று பார், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியது என்றால் கூரியரில் வெயிலில் வந்ததை வாங்காதே. நாலு வாரம் எடு, குறித்து வை, மாற்றம் இல்லையென்றால் நிறுத்து. வருஷம் முழுக்க எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. 2018-இல் இஸ்ரேலில் வைஸ்மன் நிறுவனத்தில், ஆன்டிபயாடிக் முடித்தவர்களில் சிலருக்குப் புரோபயாடிக் கலவை கொடுத்துப் பார்த்தார்கள், எதுவும் எடுக்காதவர்களைவிட அவர்களுடைய சொந்தக் குடல் கிருமிகள் திரும்பி வரத்தான் தாமதமானது. நல்லதுதானே, கிடக்கட்டும் என்று சாப்பிடுகிற பொருள் இல்லை இது.

முக்கியமாக, பெரியம்மாவுக்கும் ஒரு டப்பா அனுப்பலாம் என்று எழுதியிருக்கிறாய், வேண்டவே வேண்டாம். கீமோ எடுக்கிறவர்களுக்கு எதிர்ப்புசக்தி குறைவு, உயிருள்ள கிருமி அரிதாக ரத்தத்துக்குள் போய்விடலாம். அவருடைய டாக்டர் சொல்லாமல் எதுவும் கூடாது.

ரத்தம் தெரிந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, வயிற்றுவலி தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, காற்றுகூடப் பிரியாமல் வாந்தி வந்தாலோ எனக்கு மெசேஜ் போட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ, போகும் வழியில் கூப்பிடு.

சனிக்கிழமை மாமா பெங்களூரு வருகிறார். மட்டை அரிசி, சிறுபயறு, நன்றாகப் பழுத்த ஏத்தம்பழம் ஒரு சீப்பு, ஒரு முக்காலி எல்லாம் கொடுத்துவிடுகிறேன், காலையில் பஸ் வரும் நேரத்துக்கு வந்து வாங்கிக்கொள். டிஎஸ்எச் எந்த நாள் பார்க்கப் போகிறாய் என்று இன்றைக்கே சொல்.

அம்மா