கிருபாவின் முக்கால் மணி நேரம்

கோவில்பட்டி
சனிக்கிழமை

பிரியமான மகன் ராஜனுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். பெங்களூரில் நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

கிருபாவை ஹாக்கியில் சேர்த்தாயிற்று, தமிழும் படிக்க வைக்கணும், குடும்ப ஜெபம் வேறு விட்டு விட்டு நடக்கிறது, எதை எப்போது செய்வது என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி உன் காதில் விழாது. அதனால் எழுதுகிறேன், வைத்துக்கொண்டு நிதானமாகப் படி.

எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளாதே. ஆறு நாள் ஒன்றுமில்லாமல் ஏழாம் நாள் மூன்று மணி நேரம் பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்தால் அவளுக்கு மட்டையும் கசக்கும், தமிழும் கசக்கும், வேதாகமமும் கசக்கும். நீ வீட்டுக்கு வர எட்டு மணி. அவள் தூங்க ஒன்பதரை. குளியலும் சாப்பாடும் போக உன் கையில் நிற்பது முக்கால் மணி நேரம்தான். மட்டைக்கு இருபது நிமிஷம், ஜெபத்துக்குப் பத்து, வாசிப்புக்குப் பதினைந்து. இந்த வரிசையிலேயே வைத்துக்கொள். மட்டையைக் கடைசியில் வைத்தால் உடம்பு சூடாகித் தூக்கம் தள்ளிப்போகும். ஜெபத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தால் கண்ணை மூடச் சொன்னதுமே தூங்கிவிடுவாள். ஆக மட்டை, கைகால் கழுவல், ஜெபம், சாப்பாடு, பிறகு படுக்கையில் புத்தகம்.

மட்டை விஷயத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வளருகிற பிள்ளை, இரண்டு வருஷம் தாங்கட்டும் என்று பெரிய மட்டையாக வாங்கிக் கொடுப்பார்கள். பள்ளிச் சட்டைக்கு அது சரி, மட்டைக்கு ஆகாது. பெரியவர்கள் ஆடுவது பெரும்பாலும் முப்பத்தாறரை அங்குலம். கிருபா உயரத்துக்கு முப்பது அங்குலத்தை ஒட்டி வரும். ஷூ போட்டு நிற்கச் சொல்லி, மட்டையைக் காலோடு ஒட்டி நிமிர்த்திப் பார். மேல்முனை இடுப்பெலும்பு மட்டத்தில் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால், குனியும்போது பிடியின் நுனி வயிற்றில் இடிக்கும். பிள்ளை அதைத் தவிர்க்க இடது முழங்கையை வெளியே தள்ளும், பந்து உடம்பை விட்டு விலகிப் போகும். பிறகு பயிற்சியாளர் மாசக்கணக்கில் முழங்கையைத் திருத்திக்கொண்டிருப்பார், கோளாறு மட்டையில் இருக்கும்.

கிருபா இடது கையால் எழுதுகிறாள், இடதுகைக்காரருக்கென்று மட்டை உண்டா என்று கேட்டாய். ஹாக்கியில் கிடையாது. எல்லா மட்டைக்கும் தட்டைப் பக்கம் இடப்பக்கம்தான், பந்தைத் தொடுவதும் அந்தப் பக்கத்தால் மட்டும்தான். இடது கை மேலே, வலது கை கீழே. இதில் அவளுக்கு நஷ்டமில்லை. மட்டையைத் திருப்புகிற வேலை முழுக்க இடது மணிக்கட்டுடையது, அவளுக்கு அது ஏற்கெனவே பலமான கை.

ட்ரிப்ளிங்கில், அதாவது பந்தை மட்டையால் இப்படியும் அப்படியும் தட்டிக் கொண்டுபோவதில், சின்னப் பிள்ளைகள் செய்கிற தப்பு ஒன்றே ஒன்று. வலது கையால் மட்டையை இறுக்கிப் பிடித்துவிடுவார்கள். இடது கை திருப்ப, வலது கை விடாது. இரண்டும் சண்டை போட்டு மட்டை பாதிதான் திரும்பும், பந்து மட்டையின் முதுகில் பட்டு ஃபவுல் ஆகும். இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. தடித்த அட்டையை அரை அடி நீளத்துக்குக் குழாயாகச் சுருட்டி டேப் சுற்று. மட்டையின் பிடி அதற்குள் தடையில்லாமல் சுழல வேண்டும். மேல்முனை வழியாக மாட்டி, வலது கை பிடிக்கிற இடத்துக்கு இறக்கி, அந்தக் குழாயை மட்டும் வலது கையால் பிடிக்கச் சொல். இப்போது அவள் இறுக்கினாலும் மட்டை உள்ளே சுழலும், திருப்புவது இடது கைதான் என்று கைக்கே புரிந்துவிடும். குழாய் லொடலொடவென்று ஆடினால் பயனில்லை, இன்னும் சற்று இறுக்கிச் சுருட்டு. இரண்டு வாரம் கழித்துக் கழற்றிவிடு. பழகிப்போன பிறகும் வைத்திருந்தால் மைதானத்தில் கை தேடும்.

தரையில் ஓரடி இடைவெளியில் இரண்டு சாக்பீஸ் கோடு போடு. பந்தை வலக் கோட்டிலிருந்து இடக் கோட்டுக்கும் அங்கிருந்து திரும்பவும் தட்ட வேண்டும். ஒரு நிமிஷம் தட்டினால் ஒரு நிமிஷம் ஓய்வு, இப்படி ஐந்து தடவை. முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கச் சொல். பந்து காலடிக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தால் தலை கவிழ்ந்துவிடும், எதிரே யார் வருகிறார் என்றே தெரியாது. அதற்கு நீ எதிரே நின்று விரல்களைக் காட்டு. எத்தனை விரல் என்று தட்டிக்கொண்டே சொல்லட்டும். மிச்ச நிமிஷங்களில் நீ உருட்டிவிட, அவள் மட்டையால் நிறுத்திப் பழகட்டும். அவ்வளவு போதும், பந்தை ஓங்கி அடிப்பதெல்லாம் மைதானத்தில் பார்த்துக்கொள்வார்கள். மேட்ச் பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்கும், கல் மாதிரிக் கெட்டி. வீட்டில் டென்னிஸ் பந்து போதும். அது துள்ளும்தான், ஆனால் துள்ளுகிற பந்தை அடக்கப் பழகினால் டர்ஃப் என்கிற செயற்கைப் புல்தரையில் பந்து பசு மாதிரி நிற்கும். ஹாலில் வேண்டாம், கீழ் வீட்டுக்காரர் தலைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டால் அசோசியேஷனில் புகார்தான் வரும். பார்க்கிங்கில் வெளிச்சமான மூலையாகப் பார். சிமென்ட் தரை மட்டையின் அடியைத் தேய்க்கும் என்பதால் அங்கே ஆட ஒரு பழைய மட்டை தனியாக இருக்கட்டும்.

பல் கவசம் இல்லாமல் மைதானத்துக்கு அனுப்பாதே. வெந்நீரில் இளக்கிக் கடித்து அச்செடுக்கிற வகையே போதும். உறையில் போட்டிருக்கிற நொடிக்கு மேல் வெந்நீரில் விட்டால் சுருண்டுபோகும். அவளுக்கு இப்போது பால்பல் விழுகிற வயசு. இரண்டு மாசத்துக்கொரு முறை போட்டுப் பார், வாய்க்குள் ஆடினால் புதிதாக அச்செடு. ஆடுகிற கவசத்தைப் பிள்ளை நாக்கால் தள்ளிக்கொண்டே இருக்கும், கடைசியில் கையில் வைத்துக்கொண்டு ஓடும். முழங்காலுக்குக் கீழே கட்டுகிற ஷின் கார்டை பைக்குள் ஈரத்தோடு விட்டுவிட்டால் மறுநாள் பையைத் திறக்க முடியாது, அன்றைக்கே காயப்போடு.

சாப்பாடு பற்றி மருமகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உனக்குத்தான். பயிற்சி நாளில் டிபன் டப்பாவை நீ கட்டு. பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ. முடிந்ததும் முதலில் தண்ணீர், பிறகு கடலை மிட்டாய். உங்களுக்கு அனுப்ப அம்மா இரண்டு கிலோ வாங்கி வைத்திருக்கிறாள். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ச் சரக்கு என்றாலும் மழைக்காலத்தில் அதற்கும் மரியாதை கிடையாது. வெல்லம் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். வந்ததும் இறுக மூடுகிற டப்பாவில் போட்டு, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடு.

குடும்ப ஜெபம் பத்து நிமிஷம் என்றேனே, அதில் இரண்டு நிமிஷம் பாட்டு. கீர்த்தனையில் பல்லவியும் ஒரே ஒரு சரணமும். ஒரே பாட்டை ஒரு வாரம் பாடுங்கள், சனிக்கிழமைக்குள் அவளுக்குப் புத்தகம் இல்லாமல் வந்துவிடும். பிறகு வேத வாசிப்பு, பத்துப் பன்னிரண்டு வசனம். வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்திலிருந்து வரிசையாக ஆரம்பிக்கிறவர்கள் லேவியராகமத்தில் நின்றுபோவது வழக்கம், பலி முறைகளும் தீட்டுச் சட்டங்களும் எட்டு வயசுப் பிள்ளைக்கு ஏறாது. மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கு. இயேசுவின் வாழ்க்கையைச் சொல்கிற நாலு சுவிசேஷத்தில் அதுதான் சின்னது, பதினாறு அதிகாரம்தான், பேச்சைவிடச் சம்பவம் அதிகம். அதிகாரத்தை மூன்று நாலாக வெட்டினால் இரண்டு மாசத்தில் முடியும். அடுத்து வேதாகமத்திலுள்ள சங்கீதப் புத்தகம். அதில் 117ஆம் சங்கீதம் இரண்டே வசனம், அன்றைக்கு அவளே முழுக்க வாசிக்கட்டும். 119ஆம் சங்கீதத்துக்கு 176 வசனம், ஒரே மூச்சில் வாசித்துப் பிள்ளையைச் சோதிக்காதே. அது எட்டெட்டு வசனமாக இருபத்திரண்டு பகுதி. நாளுக்கு ஒரு பகுதி போதும்.

வாசித்ததும் ஒரு கேள்வி கேள், ஒன்றுதான். 'இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்' என்று கேட்டால் உனக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வாள். 'படகில் யார் தூங்கினார்?', 'கூரையைப் பிரித்தது எத்தனை பேர்?' என்று கேள். மாற்கு நாலாம் அதிகாரத்தில் இயேசு தலையணையை வைத்து நித்திரையாயிருந்தார் என்று வரும், அந்தத் தலையணையைப் பிள்ளைகள் மறப்பதேயில்லை. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பின் நடை அவளுக்குக் கடினம் என்று மருமகள் சொன்னாளாம். கதைப் பகுதிகளை எளிய மொழிபெயர்ப்பில் வாசியுங்கள், மனப்பாட வசனம் மட்டும் பழையதிலேயே இருக்கட்டும். சபையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது இவள் மட்டும் வேறு சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

ஜெபத்தில் ஒரு கெட்ட பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. நேரே திட்ட முடியாததை ஆண்டவர் வழியாகத் திட்டுவது. 'கர்த்தாவே, இந்த மகள் கணக்கில் கவனமாயிருக்கக் கிருபை தாரும், போன் பார்க்கிற ஆசையை எடுத்துப்போடும்' என்று நீளும். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கறுவிக்கொண்டிருக்கும். கணக்கைப் பற்றிப் பேச வேண்டுமானால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பேசு. ஜெபத்தில் அவளுக்காக ஸ்தோத்திரம் மட்டும் சொல். பிறகு அவள் இரண்டு வாக்கியம் ஜெபிக்கட்டும், கடைசியில் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பயிற்சி வைக்கிறார்கள் என்றாயே. சேரும்போதே பயிற்சியாளரிடம் சொல்லிவிடு, ஞாயிறு ஆராதனை உண்டு, சனியும் மற்ற நாளும் தவறாமல் வருவாள் என்று. முதல் வாரமே சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள், நடுவில் சொன்னால் சாக்கு என்பார்கள். போட்டி ஞாயிறு வருமானால் அதிகாலை ஆராதனைக்குப் போய்விட்டு மைதானத்துக்கு விடு. வருஷத்தில் இரண்டொரு ஞாயிறு அதுவும் முடியாமல் போனால் அதற்காகப் பிள்ளையைக் குற்றவாளியாக்காதே. வாராவாரம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இனி தமிழ். 247 எழுத்தையும் அட்டையில் வரிசையாகச் சொல்ல வைப்பது பாட்டுக்கு நல்லது, வாசிப்புக்கு உதவாது. ட, ப, ம, ய, க, த, ர என்று ஏழு எழுத்தும், மேலே வைக்கிற புள்ளியும் சொல்லிக்கொடு. படம், மரம், தரம், கடகம், பட்டம் என்று முதல் நாளே சொல்லாக வாசிப்பாள். அடுத்து துணைக்கால், கொம்பு. கொ, கோ, கௌ இவற்றில் குறி இரண்டு பக்கமும் வரும், ஆங்கிலம் படித்த கண் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்துக் குழம்பும். எழுத்தை முழுசாக ஒரே படமாகக் காட்டு. உகர வரிசைக்குத் தனியாக இரண்டு வாரம் ஒதுக்கு. கு, சு, டு, ணு, து ஒவ்வொன்றும் வேறு வேறு விதமாக வளையும், விதி சொல்லி மாளாது. 'கடல்' என்பதிலும் 'தங்கம்' என்பதிலும் 'பகல்' என்பதிலும் ஏன் 'க' வேறு வேறாகக் கேட்கிறது என்பாள். சொல்லின் முதலில் ஒன்று, மெல்லின மெய்க்குப் பின்னால் ஒன்று, நடுவில் தனியாக வந்தால் ஒன்று, அவ்வளவே சொல்.

வாசிக்கத் தொடங்கினதும் அடுத்த சிக்கல், நீங்கள் வீட்டில் 'வந்துட்டான்' என்கிறீர்கள், புத்தகத்தில் 'வந்துவிட்டான்' என்றிருக்கும். கேட்டறியாத மொழியைக் கண் மட்டும் எப்படி வாசிக்கும்? அதனால் பேச்சுக்குப் பக்கத்தில் எழுதினவர்களிடமிருந்து தொடங்கு. நம் பக்கத்து இடைசெவலில் 1923இல் ஒரே வருஷம் பிறந்தவர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். இருவரும் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கியவர்கள். கி.ரா. தொகுத்த நாட்டுப்புறக் கதைகளை நீ உரக்க வாசித்தால் அம்மா பேசுவது போலவே கேட்கும், கிருபாவுக்கு அந்தக் குரல் தெரியும். ஆனால் பார்த்து எடு. பெரியவர்களுக்கென்றே அவர் தொகுத்ததும் உண்டு, பாதியில் மாட்டிக்கொண்டு முழிக்காதே.

நீ ஒரு பத்தி, அவள் ஒரு வரி. அவள் விரல் வரியின் அடியில் ஓடட்டும். சொல் தடுக்கினால் மனசுக்குள் மூன்று எண்ணு, வரவில்லையென்றால் சொல்லைச் சொல்லிவிட்டு மேலே போ. அங்கே நின்று எழுத்துப் பாடம் நடத்தினால் கதை செத்துப்போகும். பதினைந்து நிமிஷம் ஆனதும் கதை எங்கே இருந்தாலும் மூடிவிடு, நல்ல கட்டத்தில் மூடினால் இன்னும் நல்லது. உன் போன் அந்த நேரம் சமையலறையில் கிடக்கட்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் கிருபாவின் உயரத்தையும், வெறுங்காலில் நிற்க வைத்துத் தரையிலிருந்து இடுப்பெலும்பு வரைக்குமான அளவையும் சென்டிமீட்டரில் அனுப்பு. இங்கே கடையில் ஆடிப் பார்த்து மட்டை எடுத்து, கடலை மிட்டாயோடு சேர்த்து லாரி ஆபீஸில் போட்டுவிடுகிறேன். ஷூ உயரத்தை நானே கூட்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா