பதவி உயர்ந்ததும் நோயாளி தூரமாகிவிடுகிறார்

ஆசிரியருக்கு வணக்கம்.

செவிலியர் காலிப் பணியிடங்கள் பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். இடங்களை நிரப்ப வேண்டியதுதான். ஏற்கெனவே வார்டில் நிற்கிறவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 34 வருடம் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான்.

2019 என்று நினைவு. பிரசவ வார்டில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு நர்ஸ், "சிஸ்டர், வலியோட வர்ற எல்லாருக்கும் ஏன் ஷேவ் பண்ணி இனிமா கொடுக்கிறோம்?" என்று கேட்டாள். கையில் உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டுதலின் பிரதி. வழக்கம் என்பதற்காக இந்த இரண்டையும் செய்ய வேண்டாம் என்று அதில் தெளிவாகவே இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முப்பது வருஷமா இப்படித்தான் செய்யறோம். போய் கேஸ் ஷீட்டை எழுதும்மா."

அவள் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. ஆனால் அதனால் அவளுக்கு என்ன கிடைத்தது? எங்கள் துறையில் பதவி உயர்வு சீனியாரிட்டிப்படிதான். படித்துக் கேள்வி கேட்டவளும் கேட்காதவளும் ஒரே வரிசை. வரிசை நகர்ந்து கண்காணிப்பாளர் ஆகிவிட்டால் ட்யூட்டி சார்ட், இண்டென்ட் (வார்டுக்கு வேண்டிய பொருட்களைக் கேட்டு எழுதும் பட்டியல்), துணிக் கணக்கு. நரம்பே கிடைக்காத குழந்தைக்கு ஒரே குத்தில் வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போட்ட கை, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் நர்ஸ் வார்டை விட்டுப் போகாமலே படிப்படியாக மேலே போகலாம், சம்பளமும் கூடும். அமெரிக்கச் செவிலியர் அறிஞர் பட்ரீசியா பென்னர் 1984-ல் செவிலியர் திறனைப் புதியவர் முதல் வல்லுநர் வரை ஐந்து நிலைகளாகப் பிரித்துக் காட்டியதை ஒட்டி வந்தவை அவற்றில் பல. வார்டில் நடக்கிற ஒரு பழக்கத்துக்கு ஆதாரம் உண்டா என்று தேடி, மாற்றிப் பார்த்து, என்ன ஆயிற்று என்று காட்டுவதும் அங்கே தகுதியில் சேரும்.

இங்கேயும் செய்யலாம். கருத்தரங்கில் டீ குடித்துவிட்டு வாங்கிவருகிற சான்றிதழுக்கெல்லாம் மதிப்பெண் கொடுத்தால் மட்டும் கதை கந்தல். வார்டுக்கே வந்து, கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்து மதிப்பிட வேண்டும். அப்புறம், நைட் ட்யூட்டி முடித்தவளை வீட்டில் போய்ப் படி என்று சொல்லக் கூடாது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ட்யூட்டியிலேயே ஒதுக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையில் அது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். அதனால்தான் காலியிடங்கள் பற்றிய செய்தியைப் படித்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
திருநெல்வேலி