ஆதாரை எடுத்து வைத்தாயிற்று, ஆல்பத்தை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் வீட்டில் எதையெல்லாம் பத்திரப்படுத்த வேண்டும் என்று உங்கள் நாளிதழில் ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, மாத்திரை, டார்ச் எல்லாம் இருந்தது. ஃபோட்டோ ஆல்பம் இல்லை. பட்டாவுக்கு நகல் வாங்கிவிடலாம், நாலு நடை நடந்தால் ஆயிற்று. அம்மாவின் கல்யாணப் படத்துக்கு எந்த ஆபீசில் மனு கொடுப்பது?

திருப்பாப்புலியூரில் 30 வருடத்துக்கு மேல் ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். அப்படிப்பட்ட நானே 2015 வெள்ளத்தில் என் கல்யாண ஆல்பத்தைக் கோட்டைவிட்டேன். தண்ணீர் வடிந்ததும், நனைந்த ஆல்பத்தை மூடினபடியே மொட்டை மாடி வெயிலில் வைத்து, காற்றில் திறந்துகொள்ளாமலிருக்க மேலே ஒரு செங்கல்லையும் வைத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் ஆல்பமே இன்னொரு செங்கல். பிரித்த இடத்தில் என் மனைவியின் முகம், எதிர்ப்பக்கத்தில் நின்ற சித்தப்பாவின் சட்டைப் பையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. "இதான் நீங்க கத்துக்கிட்ட தொழிலா?" என்று அவள் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

படம் கழுவும் இருட்டறையான டார்க் ரூமில் நின்றவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான். லேபில் போட்ட பிரிண்டின் மேல்பூச்சு ஜெலட்டின். நனைந்தால் ஊறிப் பசையாகும். அப்படியே ஒன்றன்மேல் ஒன்று காய்ந்தால் பிறகு பிரியாது. ஆனால் அந்தப் படம் பிறந்ததே தண்ணீர் டிரேயில். அதனால் நனைந்துவிட்டதே என்று பதற வேண்டாம், ஒட்டிக் காயவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது, ஆற்றோரத் தெருவிலிருந்து ஒரு ஆயா பிளாஸ்டிக் பையில் ஆல்பத்தோடு வந்தார். "தம்பி, அடுப்பு மேல காய வெக்கட்டுமா?" என்றார். நல்லவேளை, வைப்பதற்கு முன் கேட்டார். ஒரு பேசினில் நல்ல தண்ணீர் பிடித்து, பக்கம் பக்கமாக அதில் போட்டேன். வெந்நீர் கூடவே கூடாது, ஜெலட்டின் கரைந்துவிடும். அரை மணியில் ஒட்டியிருந்த படங்கள் தாமாக நழுவத் தொடங்கின. ஓரத்தை மட்டும் பிடித்துத் தண்ணீருக்குள்ளேயே லேசாக ஆட்ட, முகங்களின் மேலிருந்த சேறு திரையை விலக்கியது போல இறங்கியது. துணியால் துடைக்கக் கூடாது, விரல்கூடப் படக் கூடாது. மூன்று தண்ணீர் மாற்றி, பழைய வேட்டியை விரித்து, படம் மேலே பார்க்கும்படி நிழலில் பரப்பினோம். செய்தித்தாளில் பரப்பினால் மை ஏறிவிடும் (உங்கள் நாளிதழும்தான், கோபிக்க வேண்டாம்). ஏழு படம் போக மற்றதெல்லாம் தேறியது.

இதையெல்லாம் இரண்டு நாளுக்குள் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். முடியாவிட்டால், கரண்ட் இருந்தால், ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படத்துக்கு இந்த வைத்தியம் ஆகாது, சாயம் ஓடிவிடும். ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், கண்ணாடியோடு காயவிட்டு அப்படியே போனில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மழை வரும்வரை காத்திருக்காமல் இப்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் படத்தையும் போனில் பிரதி எடுத்துவிடுவது உத்தமம். எடுக்கிறார்கள், ஆனால் எப்படி? டியூப் லைட்டுக்கு நேர்கீழே படத்தை வைத்து, ஃபிளாஷும் போட்டு, தாத்தாவின் நெற்றியில் ஒரு வெள்ளைக் குண்டோடு. முதலில் லென்ஸை மெத்தென்ற துணியால் துடையுங்கள். நம் ஊர்க் கடல்காற்றும் கைப்பிசுக்கும் சேர்ந்து எல்லாப் படத்தையும் பனிமூட்டமாக்கிவிடும். ஃபிளாஷையும் தலைக்கு மேலுள்ள விளக்கையும் அணைத்துவிட்டு, வெயில் நேரே விழாத திண்ணையிலோ ஜன்னலோரமோ படத்தைத் தட்டையாக வையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும். நீங்கள் கருப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை: பளபளப்பான பிரிண்டில் என் வெள்ளைச் சட்டை விழுந்து கெடுத்த பிரதிகள் ஏராளம். போன் படத்துக்கு இணையாக இருக்க வேண்டும், சாய்ந்தால் சதுரம் சரிவகமாகும். மிக நெருங்கினால் ஓரங்கள் வளையும். சற்று விலகி 2எக்ஸ் ஜூம் வைத்து எடுங்கள். முகத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்து, வெளுத்துத் தெரிந்தால் போன் கேமராவின் வெளிச்ச அளவைக் கொஞ்சம் இறக்குங்கள். பியூட்டி மோடை மறக்காமல் அணையுங்கள். பாட்டியின் சுருக்கத்தை அழிக்க அந்தப் போனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

பழைய சொரசொரப்பான பேப்பரில் பக்கவெளிச்சம் புள்ளி புள்ளியாகக் காட்டும். அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் சமனாகும். கேமரா வைத்திருக்கிற பிள்ளைகள் ஸ்டாண்டில் மாட்டி, 50 எம்எம் லென்ஸ், எஃப் 8, ஐஎஸ்ஓ 100, இரண்டு நொடி டைமர், இரு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி விளக்கு என்று வைத்துக்கொண்டால் வேறெதுவும் தேவைப்படாது. எடுத்ததை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

படத்தின் பின்பக்கத்தையும் ஒரு கிளிக் எடுங்கள். அங்கே ஒன்றும் எழுதியிருக்காவிட்டால், பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, மெத்தென்ற பென்சிலால் பெயரை எழுதிவையுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அச்சு முன்பக்கம் எழும்பும். ஆயாவின் ஆல்பத்தில் தேறிய ஒரு படத்தில் அவர் கணவரும் இன்னொருவரும் தோளில் கைபோட்டு நின்றார்கள். பின்னால் தொங்கிய தாஜ்மகால் திரையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, என் கடைத் திரை, நான் எடுத்த படம். பக்கத்தில் நிற்பவர் யார் என்று ஆயாவைக் கேட்டேன். தெரியவில்லை. எனக்கும்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டூடியோக்காரர்,
திருப்பாப்புலியூர், கடலூர்.